கயானாவின் எதிர்காலத்தை நான் நம்புகிறேன், எண்ணெய்க்காக மட்டும் அல்ல

டெமராராக் கரை எழுதியது:

கயானாவைப் பற்றி இந்த மன்றத்தில் யாராவது கேட்டால் இரண்டே பதில்கள் வருகின்றன. "எண்ணெய் கிடைத்துவிட்டது, இனி அது துபாய்" என்பது ஒன்று. "எண்ணெய் கிடைத்துவிட்டது, இனி அது வெனிசுவேலா" என்பது மற்றொன்று. இரண்டிலும் எனக்கு உடன்பாடு இல்லை. நான் ஜார்ஜ்டவுனில் குடும்பத்தோடு வசிக்கிறேன். வடிகால், மதகு, கடலணை வேலைகளில் பொறியாளராக இருக்கிறேன். இந்த நாடு நன்றாக வரும் என்று உறுதியாக நம்புகிறேன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன். மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

நாட்டைத் தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். வரைபடத்தில் கயானா தென் அமெரிக்காவின் வடகரையில் இருக்கிறது. ஆனால் ஆங்கிலம், கிரிக்கெட், கரும்புத் தோட்டம், அடிமை முறை, ஒப்பந்தக் கூலி என்று அதன் வரலாறு முழுக்கக் கரீபியன் வரலாறு. கரீபியன் நாடுகளின் கூட்டமைப்பான கேரிகாமின் தலைமையகமே ஜார்ஜ்டவுனில்தான் இருக்கிறது. பரப்பளவு தமிழ்நாட்டைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். மக்கள்தொகையோ எட்டு லட்சத்துக்குச் சற்று அதிகம். நாட்டின் பெரும்பகுதி காடு. மக்களில் பத்தில் ஒன்பது பேர் கடலோரத்தில் ஒரு குறுகிய பட்டையில் வாழ்கிறார்கள். அந்தப் பட்டையில் பெரும்பகுதி, கடல் ஏறும்போது அதன் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது.

இந்த ஒரு உண்மையிலிருந்துதான் என் நம்பிக்கை தொடங்குகிறது. கடலணைக்குப் பின்னால் ஊர், ஊருக்குப் பின்னால் வயல், வயலுக்குப் பின்னால் நன்னீரைத் தேக்கிவைக்கும் நீண்ட மண்கரை. மழைநீர் முழுவதும் கால்வாய்களின் வழியே கடலுக்குப் போயாக வேண்டும். போகும் வாயில் ஒரு மதகு நிற்கிறது. இங்கே அதைக் கோக்கர் என்கிறார்கள். கடல் வற்றும்போது பலகையைத் தூக்கி ஊர்த் தண்ணீரை வெளியே விட வேண்டும். கடல் ஏறுவதற்கு முன் இறக்கிவிட வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். நள்ளிரவில் வற்றினால் நள்ளிரவில் திறக்க வேண்டும். கோக்கர் பார்ப்பவர் தூங்கிவிட்டால் மறுநாள் காலை ஒரு கிராமமே முழங்கால் தண்ணீரில் நிற்கும்.

எங்கள் பணியிடத்துக்கு அருகில் உள்ள கோக்கரைப் பார்ப்பவர் வயதானவர். கம்பிவடத்தைச் சுற்றும் உருளைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கொட்டகை, அதில் ஒரு நாற்காலி, ஒரு டார்ச், சுவரில் ஓத அட்டவணை. அட்டவணை ஒரு நேரத்தைச் சொன்னாலும் அவர் வெளியே வந்து சுவரில் ஈரம் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பலகையில் கை வைப்பார். காற்று வடகிழக்கிலிருந்து அடித்தால் கடல் சீக்கிரம் ஏறும் என்பது அவர் கணக்கு. நான் கணினியில் போடும் கணக்கும் அவர் சொல்வதும் ஒத்துப்போகாத நாட்களில் நான் அவரைத்தான் கேட்பேன்.

இந்தக் கால்வாய்களையும் கரைகளையும் முதலில் வெட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். அவர்கள் மண்வெட்டியால் அள்ளிய சேறு பத்துக் கோடி டன் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். 1838 மே 5ஆம் தேதி விட்பி, ஹெஸ்பெரஸ் என்ற இரண்டு கப்பல்களில் முதல் இந்தியக் கூலிகள் வந்து இறங்கினார்கள். அதன் பிறகு 1917 வரை வந்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதே கால்வாய்களைத் தூர் வாரினார்கள். அவர்களில் சுமார் 15,000 பேர் சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்கள். பெர்பிஸ் பக்கம் போனால் நாகமுத்து, வீரசாமி, பெருமாள் என்ற பெயர்களை இன்றும் கேட்கலாம். 2015 முதல் 2020 வரை பிரதமராக இருந்த மோசஸ் நாகமுத்து அந்தப் பக்கத்தவர்தான்.

2005 ஜனவரியில் கடலோரத்தின் பெரும்பகுதி வெள்ளத்தில் மூழ்கியது. சேதம் நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் பாதிக்கும் மேல் என்று கணக்கிட்டார்கள். அப்போது எண்ணெய் இல்லை, பணம் இல்லை. அதற்குப் பிறகும் இந்த ஏழை நாடு உட்கார்ந்துவிடவில்லை. ஹோப் கால்வாயை வெட்டி, நீர்த்தேக்கத்தின் உபரி நீர் நேராக அட்லாண்டிக்குப் போக வழி செய்தார்கள். கடலணைக்கு முன்னால் சதுப்புக் கண்டல் மரங்களைத் திரும்ப நட்டார்கள். பணமில்லாத காலத்திலேயே இதைச் செய்தவர்களுக்கு இப்போது பணமும் வந்திருக்கிறது. நான் எண்ணெயை அந்த வரிசையில்தான் வைத்துப் பார்க்கிறேன். முதலில் பழக்கம் இருந்தது, பிறகு பணம் வந்தது. பல நாடுகளில் பணம் முதலில் வந்து, பழக்கம் வரவே இல்லை.

கணக்குப்பிள்ளை எழுதியது:

கோக்கர்காரரைப் பற்றி எழுதியதை ரசித்துப் படித்தேன் ஐயா. ஆனால் பணம் வந்திருக்கிறது என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். எவ்வளவு வந்திருக்கிறது, யாருக்கு வந்திருக்கிறது என்பதுதானே கேள்வி?

2015 மே மாதம் லிசா என்ற இடத்தில், கரையிலிருந்து ஏறத்தாழ 190 கிலோமீட்டர் தொலைவில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. 2016இல் அரசு எக்ஸான்மொபில் தலைமையிலான குழுவோடு ஒப்பந்தம் போட்டது. அதன் கணக்கை எளிமையாகச் சொல்கிறேன். நூறு பீப்பாய் எடுத்தால் இரண்டு பீப்பாய் நாட்டுக்கு உரிமைத்தொகை, அதைக் கம்பெனி தன் பங்கிலிருந்து தருகிறது. 75 பீப்பாய் வரை கம்பெனி தன் செலவுக்காக எடுத்துக்கொள்ளலாம். மிச்சம் 25. அதில் ஆளுக்குப் பாதி. ஆக, செலவு முழுவதும் ஈடாகும் வரை கயானாவுக்குக் கிடைப்பது நூறில் பதினான்கரை. கம்பெனி கட்ட வேண்டிய வருமான வரியையும் அரசே தன் பங்கிலிருந்து கட்டியதாகக் கணக்கு எழுதிக்கொள்கிறது.

இன்னொன்று இதைவிட மோசம். ஒரு எண்ணெய் வயலுக்கான செலவை இன்னொரு வயலின் வருமானத்திலிருந்து எடுக்க ஒப்பந்தம் தடை போடவில்லை. புதிய வயல் தோண்டத் தோண்டச் செலவுக் கணக்கு நீண்டுகொண்டே போகும். 2019 டிசம்பரில் முதல் எண்ணெய், அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக நான்கு கப்பல்கள் கடலில் நின்று எண்ணெய் எடுக்கின்றன. 2022இல் பொருளாதாரம் 60 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது என்று உலகமே வியந்தது. அந்த எண்ணில் எவ்வளவு நாட்டுக்குள் தங்கியது என்று யாரும் கேட்கவில்லை.

இப்படி ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நாடு நன்றாக வரும் என்று எதை வைத்து நம்புகிறீர்கள்?

டெமராராக் கரை எழுதியது:

கணக்கு சரி. ஒப்பந்தம் மோசமானது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. இங்கே மினிபஸ்ஸில் ஏறினால் டிரைவரே அந்த இரண்டு சதவீதத்தைப் பற்றிப் பேசுவார். ஒரு எண்ணெய் ஒப்பந்தத்தின் உரிமைத்தொகை விகிதம் சந்தையில் காய்கறி விற்பவருக்கும் மனப்பாடமாகத் தெரிகிற நாடு வேறு எது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கோபம் வீண் போகவும் இல்லை. 2023இல் புதிய கடற்பகுதிகளுக்காகக் கொண்டுவந்த மாதிரி ஒப்பந்தத்தில் உரிமைத்தொகை 10 சதவீதம், செலவுக்கான உச்சவரம்பு 65 சதவீதம், அதோடு 10 சதவீத நிறுவன வரி. பழைய ஒப்பந்தத்தைத் திருத்த அரசு மறுக்கிறது. அது எனக்கும் வருத்தம்தான். ஆனால் அதே தவறு இரண்டாவது முறை நடக்கவில்லை.

எண்ணெய்ப் பணம் தனி நிதியாக நியூயார்க்கில் உள்ள பெடரல் ரிசர்வ் வங்கியில் வைக்கப்படுகிறது. எவ்வளவு வந்தது என்பதை அரசிதழில் வெளியிட வேண்டும், அமைச்சர் மறைத்தால் அது குற்றம் என்று சட்டம் சொல்கிறது. 2024 முடிவில் நிதியில் 300 கோடி டாலருக்கு மேல் இருந்தது. ஆண்டுதோறும் எடுக்கும் தொகை கூடிக்கொண்டே போகிறது என்பதையும் நீங்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

சான் பெர்னாண்டோ எழுதியது:

எனக்கு இந்த நாடகத்தின் அடுத்த காட்சி தெரியும், அதனால் எழுதுகிறேன். நான் டிரினிடாடில் எரிவாயுத் துறையில் நீண்ட காலம் வேலை பார்த்தவன். டிரினிடாடும் இப்படித்தான் இருந்தது. 1970களில் எண்ணெய் விலை ஏறியபோது அங்கே பணம் கொட்டியது. உருக்கு ஆலை, உரத் தொழிற்சாலை, சாலைகள் எல்லாம் வந்தன. அவர்களுக்கும் படித்தவர்கள் இருந்தார்கள், நீதிமன்றம் இருந்தது, தேர்தல் ஒழுங்காக நடந்தது. கயானாவைவிட வலுவான அமைப்புகள் என்றே சொல்வேன். 2007இல் சேமிப்பு நிதிக்கும் சட்டம் போட்டார்கள்.

ஆனால் என்ன ஆனது? வயலில் நின்றவன் எண்ணெய்க்குப் போனான். எண்ணெயில் இடம் கிடைக்காதவன் அரசு வேலைத் திட்டத்துக்குப் போனான். 2003இல் அரசின் சர்க்கரை நிறுவனத்தையே மூடினார்கள். உணவில் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. எண்ணெய் உற்பத்தி குறைந்தது, எரிவாயுவும் குறைந்தது. 2018 நவம்பரில் பாய்ண்ட்-அ-பியேர் சுத்திகரிப்பு ஆலையை மூடியபோது நான் அங்கே இருந்தேன். அந்த ஆலையை நம்பி மூன்று தலைமுறையாக வாழ்ந்த ஊர்கள் அவை. மூடிய வாரத்தில் கடைத்தெருவில் மனிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இன்று அங்கே வெளிநாட்டுப் பணத்துக்கு வங்கியில் காத்திருக்க வேண்டும்.

டெமராராக் கரை நண்பரே, நீங்கள் சொன்ன அந்தக் கோக்கர்காரருக்குப் பிறகு யார்? அவருடைய பேரன் அந்தக் கொட்டகையில் உட்காருவானா, அல்லது எண்ணெய்க் கம்பெனியின் கிடங்கில் பாதுகாவலராகப் போவானா? கிடங்கில் சம்பளம் அதிகம், இரவில் மழையில் நனையவும் வேண்டாம். பழக்கம் முதலில் இருந்தது என்றீர்கள். பணம் வந்த பிறகு பழக்கம் நிற்குமா என்பதற்குத்தான் எங்களிடம் பதில் இல்லாமல் போனது.

மலர்விழி எழுதியது:

சான் பெர்னாண்டோ ஐயா கேட்டது நியாயமான கேள்வி. நானும் ஜார்ஜ்டவுனில்தான் இருக்கிறேன், பள்ளி ஆசிரியை. நம்பிக்கையைக் குறைக்க எழுதவில்லை. வீட்டுக்குள் இருந்து பார்த்தால் எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன்.

மின்சாரம் போகும், வரும், திரும்பப் போகும். வாடகைக்கு வெளிநாட்டிலிருந்து மின் உற்பத்திக் கப்பலைக் கொண்டுவந்து ஆற்றில் நிறுத்திச் சமாளிக்கிறார்கள். கடலிலிருந்து எரிவாயுவைக் குழாயில் கொண்டுவந்து வேல்ஸ் என்ற இடத்தில் மின்சாரம் எடுக்கும் திட்டம்தான் எல்லோரும் காத்திருப்பது. அதன் தேதி தள்ளிக்கொண்டே போகிறது. எண்ணெய்க் கம்பெனி ஆட்கள் வாடகையை ஏற்றிவிட்டார்கள். பூர்தா மார்க்கெட்டில் தக்காளியும் போஞ்சியும் வாங்கும்போது பக்கத்தில் நிற்கும் கயானாப் பெண்கள் விலையைக் கேட்டுவிட்டுப் பையைத் திறக்காமலே நகர்வதைப் பார்த்திருக்கிறேன்.

2024இல் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். உலகிலேயே வேகமாக வளரும் பொருளாதாரம் என்று தலைப்புச் செய்தி வந்த அதே ஆண்டு. ஆகஸ்டில்தான் மூன்றாண்டு ஊதிய ஒப்பந்தம் ஏற்பட்டது. செவிலியர்கள் படித்து முடித்ததும் விமானம் ஏறுகிறார்கள்.

2023 மே மாதம் மஹ்டியாவில் பள்ளி விடுதி எரிந்ததை யாரும் மறக்கக் கூடாது. காட்டுப் பகுதிப் பழங்குடிக் குழந்தைகள் தங்கிய விடுதி. ஜன்னல்களில் இரும்புக் கம்பி. 20 பிள்ளைகள் போய்விட்டார்கள். கடலோரத்துக்கு நான்கு வழிச் சாலை வருகிறது. காட்டுப் பகுதிப் பிள்ளைகளுக்குத் தப்பி ஓடத் திறந்த கதவு ஒன்று இல்லை. எதிர்காலம் என்று பேசும்போது எல்லோருடைய எதிர்காலமும் அதில் இருக்கிறதா என்று நான் பார்க்கிறேன்.

ஆனாலும் ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று கணவர் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். 2025 ஜனவரியிலிருந்து கயானா பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் இல்லை. என் பழைய மாணவி ஒருத்தி, அம்மா வீடு வீடாகச் சமையல் செய்பவர், இந்த ஆண்டு அங்கே சேர்ந்திருக்கிறாள். கட்டணத்துக்காக இரண்டு வருடம் கடையில் வேலை செய்து சேமிப்பது என்று இருந்தவள். இதைச் சின்ன விஷயம் என்று என்னால் சொல்ல முடியாது.

மட்டுநகர் மைந்தன் எழுதியது:

நான் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறேன். சொந்த ஊர் மட்டக்களப்பு. எங்கள் தெருவில் நாலு வீடு கயானா ஆட்கள். ஒரு கேள்வியோடு சேர்த்து நான் பார்த்ததையும் எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டு அன்ரி 1980களில் வந்தவர். அதிபர் பர்னாம் காலத்தில் கோதுமை மாவுக்கே தடை இருந்ததாம். ரொட்டி சுட மாவைக் கள்ளமாக வாங்கியதைச் சொல்லும்போது இப்பவும் குரலைத் தாழ்த்திக் கதைப்பார். எங்களைப் போலவே, நாட்டைவிட்டு வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் போகமாட்டோம் என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்த்தவர்கள். ஆனால் சென்ற வருடம் அவருடைய மகன், இங்கே பிறந்தவன், ஜோர்ஜ்டவுனுக்கு வேலைக்குப் போய்விட்டான். அன்ரிக்குக் கோபமும் இருக்கிறது, பெருமையும் இருக்கிறது. பேத்தியின் பிறந்தநாளுக்குப் போய் வந்தபோது அல்பியன் பக்கம் காளிகோயிலுக்கும் போனாராம். தப்பு மேளம் அடித்து மாரியம்மாவை அழைக்கிறார்கள், பூசை முடிந்து தாமரை இனத்து இலையில் ஏழு கறியோடு சோறு போடுகிறார்கள் என்று படம் காட்டினார். பூசணி, மாங்காய், கீரை, கத்தரி, உருளைக்கிழங்கும் கடலையும், அவர்களுடைய ஒருவகைச் சேம்பு, பலா இனத்து ஒரு காய். தமிழ் ஒரு சொல்லும் அந்த அன்ரிக்குத் தெரியாது. படத்தைப் பார்த்து என் அம்மா அழுதுவிட்டார்.

கேள்வி இதுதான். எங்கள் நாட்டில் இனவாதம் என்ன செய்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. கயானாவில் இந்திய வம்சாவளி சுமார் 40 வீதம், ஆப்பிரிக்க வம்சாவளி சுமார் 30 வீதம். இரண்டு பக்கமும் இரண்டு கட்சி. 1960களில் அங்கே இரத்தம் ஓடியிருக்கிறது. எண்ணெய்ப் பணம் ஒரு பக்கத்துக்கு மட்டும் போகிறது என்று மறுபக்கம் நினைத்தால் மதகும் நிற்காது, கடலணையும் நிற்காது. இதைப் பற்றி ஏன் ஒருவரும் எழுதவில்லை?

டெமராராக் கரை எழுதியது:

மூன்று பேருக்கும் பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

மட்டுநகர் மைந்தனின் கேள்விதான் எல்லாவற்றிலும் கனமானது. 2020 மார்ச் 2ஆம் தேதி தேர்தல். முடிவை அறிவிக்க ஐந்து மாதம் ஆனது. தலைநகர வட்டாரத்தின் எண்ணிக்கையில் வாக்குச்சாவடிகளின் முடிவுச் சீட்டுகளில் இருந்த எண்ணும் அறிவித்த எண்ணும் பொருந்தவில்லை. எல்லோரும் பயந்தார்கள். கடைகளுக்குப் பலகை அடித்தார்கள். பிறகு நடந்ததைக் கவனியுங்கள். கேரிகாம் அனுப்பிய குழு முன்னிலையில் பெட்டிகளைத் திறந்து ஒவ்வொரு சீட்டாக மறுபடி எண்ணினார்கள். வழக்கு கரீபியன் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் ஆகஸ்ட் 2ஆம் தேதி எதிர்க்கட்சியின் இர்ஃபான் அலி அதிபராகப் பதவியேற்றார், முந்தைய அதிபர் பதவியை விட்டு இறங்கினார். எண்ணெய் வரத் தொடங்கிய சில மாதங்களிலேயே, அதாவது ஆட்சியை விடாமல் பிடித்துக்கொள்ள ஆசை மிக அதிகமாக இருக்கும் நேரத்தில், இது நடந்தது. எத்தனை எண்ணெய் நாடுகளில் இப்படி நடந்திருக்கிறது?

2025 செப்டம்பர் 1ஆம் தேதி தேர்தல் இன்னொன்றைக் காட்டியது. ஆளும் கட்சி 65இல் 36 இடங்களோடு திரும்ப வந்தது. ஆனால் சில மாதங்களுக்கு முன் தொடங்கிய ஒரு புதிய கட்சி 16 இடங்களைப் பிடித்து, பல பத்தாண்டுகளாக இருந்த பழைய எதிர்க்கட்சியை மூன்றாவது இடத்துக்குத் தள்ளிவிட்டது. அந்தக் கட்சித் தலைவர்மீது அமெரிக்கத் தடை இருக்கிறது, எனக்கும் அவர்மீது நம்பிக்கை இல்லை. ஆயினும் லிண்டன் போன்ற, தலைமுறைகளாக ஒரே பக்கம் வாக்களித்த ஊர்க்காரர்கள், ஒரு முஸ்லிம் இந்திய வம்சாவளிக்காரருக்கு வாக்களித்தார்கள். இனக் கணக்கு உடையவே உடையாது என்று சொன்னவர்களுக்கு அது புதிய செய்தி. காயம் ஆறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஒப்பந்த வேலைகள் யாருக்குப் போகின்றன என்று ஒவ்வொரு கிராமத்திலும் எண்ணிப் பார்க்கிறார்கள். அரசு அதை வெளிப்படையாக்காத வரை நீங்கள் சொன்ன ஆபத்து இருந்துகொண்டேதான் இருக்கும்.

சான் பெர்னாண்டோ, உங்கள் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை, உண்மையாகவே. எங்களிடம் பயிற்சிக்கு வந்த இளைஞர்களில் கெட்டிக்காரன் ஒருவன் எண்ணெய்த் துறைக்குப் போய்விட்டான். நான் தடுக்கவில்லை. அவனுக்கு வீடு கட்ட வேண்டும். ஆனால் டிரினிடாடுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. டிரினிடாடில் கரும்பு வயலைக் கைவிட்டால் புல் முளைக்கும், ஊர் பிழைத்துக்கொள்ளும். இங்கே வடிகாலைக் கைவிட்டால் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள்ளேயே தண்ணீர் வரும். எந்தக் கட்சியின் அமைச்சராக இருந்தாலும் பம்ப் ஓடவில்லை என்றால் அன்று மாலையே அவர் வீட்டு வாசலில் ஆட்கள் நிற்பார்கள். இந்தக் கட்டாயம்தான் என் நம்பிக்கையின் அடித்தளம். நல்ல மனம் மாறலாம். கடல் தன் நேரத்தை மாற்றிக்கொள்ளாது.

விவசாயத்தில் உங்கள் பயம் ஏற்கெனவே பாதி பலித்துவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எண்ணெய் வருவதற்கு முன்பே, 2016 முடிவிலும் 2017இலும் வேல்ஸ், ஸ்கெல்டன், ரோஸ் ஹால், என்மோர் சர்க்கரைத் தோட்டங்களை மூடி ஏழாயிரம் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ரோஸ் ஹாலை 2023இல் திரும்பத் திறந்தார்கள், ஆனால் வெட்டுவதற்கு ஆள் கிடைப்பதில்லை. சர்க்கரையைக் காப்பாற்ற முடியும் என்று நான் நினைக்கவில்லை. நெல் வேறு கதை. எஸெகீபோ கரையில் இன்றும் நல்ல விளைச்சல், வாங்கவும் ஆள் இருக்கிறது. நெல்லுக்கும் அதே மதகுதான், அதே கால்வாய்தான். வடிகாலுக்குப் போடும் ஒவ்வொரு டாலரும் விவசாயத்துக்கும் போகிறது.

மலர்விழி அவர்களே, மஹ்டியாவைப் பற்றி நீங்கள் எழுதியதற்குப் பதில் சொல்லும் இடத்தில் நான் இல்லை. கடலோரத்தில் இருந்துகொண்டு நாடு என்று பேசுவது இங்கே எல்லோருக்கும் வழக்கம், எனக்கும்தான். காடு உறிஞ்சிவைக்கும் கார்பனுக்கு மதிப்புப் போட்டு விற்ற பணத்தில் குறைந்தது 15 சதவீதம் பழங்குடிக் கிராமங்களுக்குப் போகிறது, கிராம சபைகளே அதை எப்படிச் செலவிடுவது என்று முடிவு செய்கின்றன. அது நல்ல தொடக்கம். விடுதிக் கதவுக்கு அது ஈடாகாது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

2020 மறு எண்ணிக்கையை நான் இந்தக் கோணத்தில் பார்க்கவில்லை. ஏற்கிறேன், அது பெரிய விஷயம்தான். எண்ணெய் வந்த பிறகு ஆட்சி மாறிய நாடு என்பது கணக்கில் வரவு வைக்க வேண்டிய எண்.

ஆனால் என் கேள்வியை விடமாட்டேன். 2024இல் ஒவ்வொரு பெரியவருக்கும் ஒரு லட்சம் கயானா டாலர், அதாவது ஏறக்குறைய 480 அமெரிக்க டாலர், ரொக்கமாகக் கொடுப்பதாக அறிவித்தார்கள். மக்களுக்கு நல்லதுதான். இது ஒவ்வொரு தேர்தலுக்கும் பழக்கமாகிவிட்டால், எண்ணெய் விலை பீப்பாய்க்கு 40 டாலருக்கு இறங்கும் ஆண்டில் எதை நிறுத்துவார்கள்? ரொக்கத்தையா, பம்ப் பராமரிப்பையா? நம் ஊர் அனுபவம் நமக்குத் தெரியும். பராமரிப்புக்கு வாக்கு கிடைக்காது.

டெமராராக் கரை எழுதியது:

இங்கே பராமரிப்புக்கு வாக்கு கிடைக்கும் என்பதுதான் நான் இவ்வளவு நேரம் சொல்ல முயன்றது. ஆனால் உங்கள் 40 டாலர் ஆண்டுக்கு என்னிடம் உத்தரவாதம் இல்லை. பராமரிப்புச் செலவைச் சட்டத்திலேயே தனியாக ஒதுக்கிவைக்க வேண்டும் என்று இங்குள்ள பொறியாளர்கள் பலர் பேசுகிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான்.

ஈரோட்டு இளைஞன் எழுதியது:

அண்ணன்மார்களே, அக்கா, மொத்த இழையையும் ஒரே மூச்சில் படித்தேன். எனக்கு மின் பகிர்மானத் துறையில் ஜார்ஜ்டவுனில் வேலை கிடைக்கும் போல் இருக்கிறது, இரண்டு ஆண்டு ஒப்பந்தம். வெனிசுவேலா பாதி நாட்டைக் கேட்கிறது, போகாதே என்று வீட்டில் சொல்கிறார்கள். என்ன செய்வது?

சான் பெர்னாண்டோ எழுதியது:

தம்பி, வெனிசுவேலா கேட்பது எஸெகீபோ. பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு. 1899 நடுவர் தீர்ப்பைச் செல்லாது என்கிறார்கள். 2023 டிசம்பர் 3ஆம் தேதி அதற்காக வாக்கெடுப்பும் நடத்தினார்கள். வழக்கு சர்வதேச நீதிமன்றத்தில் இருக்கிறது. எல்லையில் பதற்றம் உண்டு. ஜார்ஜ்டவுனில் நீ வேலைக்குப் போய்விட்டு வீட்டுக்கு வருவாய். அதற்காக மறுக்காதே. கயானாவின் எதிர்காலத்தைப் பற்றி எனக்கு இன்னும் சந்தேகம்தான், ஆனால் மின் பகிர்மானத்துக்கு ஆள் தேவைப்படும் நாடு பொறியாளனுக்கு நல்ல நாடு. போய்ப் பார்.

மலர்விழி எழுதியது:

தனியாக வருவதானால் வீட்டை வந்து பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள் தம்பி, படத்தை நம்பி முன்பணம் அனுப்ப வேண்டாம். இரவில் நடந்து போகாமல் டாக்சியில் போங்கள். அரிசி, பருப்பு, மஞ்சள், மசாலா எல்லாம் கிடைக்கும். இட்லி அரிசிக்குத்தான் அலைய வேண்டும்.

டெமராராக் கரை எழுதியது:

தம்பி, கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்றைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள். சம்பளம் எந்தப் பணத்தில், வேலை அனுமதிக்கு யார் விண்ணப்பிக்கிறார்கள், ஊருக்குப் போய்வர விமான டிக்கெட் யார் பொறுப்பு. 2021 சட்டப்படி எண்ணெய்த் துறையோடு சேர்ந்த பல சேவைகளில் கயானா நாட்டவருக்கும் கயானா நிறுவனங்களுக்கும் முன்னுரிமை உண்டு. அது சரியான சட்டம், அதை மனதில் வைத்துக்கொண்டு வா. நீ பார்க்கப்போகும் வேலையில் உன்னோடு நிற்கும் லைன்மேன்கள் பலருக்கு உன்னைவிட அனுபவம் இருக்கும். அவர்களுக்கு நீ சொல்லிக்கொடுக்க ஏதாவது இருந்தால் சொல்லிக்கொடு. இரண்டு ஆண்டு முடிந்து நீ கிளம்பும்போது உன் இடத்தில் உட்கார உள்ளூர்க்காரர் ஒருவர் தயாராக இருக்க வேண்டும்.

விமான நிலையம் டிமெஹ்ரியில், நகரத்திலிருந்து 40 கிலோமீட்டர். வரும் தேதி உறுதியானதும் தனிமடலில் சொல், வண்டியோடு வருகிறேன்.